தொகுபயனா, விளையுளா?

பதினோராம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள் ஒன்றைப் பற்றி ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். ஒரு கயிற்றின் இரு முனைகளையும் எதிரெதிராக ஆளுக்கு 300 நியூட்டன் விசையோடு இழுத்தால் தொகுபயன் விசை எவ்வளவு என்பது கேள்வி. விடைக்குறிப்பில் ஒரே சொல்தான்: சுழி. ஒரு பிள்ளை மட்டும் 'விளையுள் பூச்சியம்' என்று எழுதி, கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தது. நண்பருக்கு விளையுள் என்ற சொல்லே புதிது. சிவப்புப் பேனாவை வைத்த கை அப்படியே நின்றுவிட்டது என்றார். விசாரித்ததில், யாழ்ப்பாணத்தில் ஓ.எல். தேர்வு முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த பிள்ளை.

'ரிசல்டன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தொகுபயன் என்கிறது. இலங்கைப் பாடநூல் விளையுள் என்கிறது. வெக்டர் அங்கே காவி, இங்கே திசையன் என்பதுபோல இதையும் இரு நாட்டுக் கலைச்சொல் வேறுபாடு என்று கடந்துபோயிருப்பேன். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, இரண்டு தமிழ்ச் சொற்களும் ஒரே பொருளைச் சொல்லவில்லை என்று பட்டது. ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே நெடுங்காலமாக ஒரு பிளவு இருக்கிறது. நாம் அறியாமலே அதைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை தருகிறது. பெயரடையாக வந்தால் 'அதனால் நேர்ந்த' என்ற அளவில் நின்றுவிடும். புயல், அதனால் நேர்ந்த சேதம்; வேலைநிறுத்தம், அதனால் ஏற்பட்ட இழப்பு. பெயர்ச்சொல்லாக வந்தால் பல விசைகள் சேர்ந்து செய்வதைத் தனியாகவே செய்யக்கூடிய ஒற்றை விசை. முதலாவதில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கதை இருக்கிறது. இரண்டாவதில் காலமே இல்லை, கணக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே சொல் சுமப்பதால் வரும் குழப்பங்கள் கொஞ்சமல்ல.

வேர் இலத்தீனில் இருக்கிறது. 'சலீரே' என்றால் குதித்தல். முன்னே 'ரே' சேர்ந்தால் திரும்பக் குதித்தல், எகிறித் தெறித்தல். அதிலிருந்து வந்த 'ரெசுல்தாரே' பந்து சுவரில் பட்டுத் திரும்புவதையும் குரல் மலையில் மோதி எதிரொலிப்பதையும் குறித்தது. ஆங்கிலத்தின் 'ரிசல்ட்', 'ரெசிலியன்ட்', 'அசால்ட்', 'இன்சல்ட்' எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள். அவமதிப்பும் ஒருவகையில் மேலே பாய்வதுதானே. இடைக்கால அறிஞர்களின் இலத்தீனில்தான் இந்தத் தெறிப்பு, வாதத்திலிருந்து முடிவு துள்ளி விழுவதைக் குறிக்கத் தொடங்கியது.

பழைய பொருள் முற்றிலும் செத்துவிடவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் 'ரிசல்டிங் டிரஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒருவர் ஒரு காரியத்துக்காகச் சொத்தை அறங்காவலரிடம் ஒப்படைக்கிறார். அந்தக் காரியம் நடக்க வழியில்லாமல் போகிறது, அல்லது நடந்து முடிந்து சொத்து மிஞ்சுகிறது. அப்போது சொத்து கொடுத்தவரிடமே துள்ளித் திரும்புகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் 83ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. இங்கே 'விளைவு' என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் புரியாது. 'மீள் அறக்கட்டளை' என்றால் இலத்தீன்காரனே தலையாட்டுவான்.

இயந்திரவியலுக்கு வருவோம். இந்தச் சொல் முழு உரிமையோடு குடியிருக்கும் வீடு அதுதான்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொடிக்கயிறு தொய்கிறது என்று ஒரு நாள் அதை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். துவைத்த கம்பளியை நடுவில் போட்ட சற்று நேரத்தில் சுவரிலிருந்த ஆணி காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆணி மட்டம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் ஆணியின் மேல் குற்றமில்லை. ஈரக் கம்பளி 6 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இருபுறமும் 30 பாகை சரிந்து தொங்கினால் ஒவ்வொரு பக்கமும் சரியாக 6 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். நான் கட்டியதுபோல விறைப்பாகக் கட்டி, 5 பாகைதான் சரிந்தது என்றால் ஒவ்வொரு பக்கமும் 34 கிலோவைத் தாண்டும். கம்பளி மாறவில்லை, கயிறு மாறவில்லை. இரு பக்க இழுவிசைகளும் சேர்ந்து மேல்நோக்கித் தரவேண்டிய தொகுபயன் முன்பும் 6 கிலோதான், இப்போதும் 6 கிலோதான். மாறியது கோணம் மட்டும். ஏறக்குறைய கிடையாகப் போகும் இரண்டு விசைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிட்டு மிச்சமாகக் கொஞ்சத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. தின்றதெல்லாம் ஆணியின் தலையில் விடிந்தது.

தொகுபயன் சொல்வதைவிட மறைப்பது அதிகம் என்பதை எனக்குக் காட்டியது அந்த ஆணிதான்.

வரலாற்றில் இதை முதலில் அழகாகக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் நெதர்லாந்துப் பொறியாளர் சைமன் ஸ்டெவின். 1586இல் வெளிவந்த அவருடைய எடையியல் நூலில் ஒரு படம் இருக்கிறது. ஒரு முக்கோணக் கட்டை. ஒரு சாய்வு மற்றதைப்போல இரு மடங்கு நீளம். அதன்மேல் 14 உருண்டைகள் கோத்த மாலை ஒன்றைப் போர்த்தியிருக்கிறார். நீண்ட சாய்வில் 4, குட்டைச் சாய்வில் 2, மிச்சம் 8 அடியில் தொங்குகின்றன. மாலை ஒருபக்கமாக நகரும் என்றால் நகர்ந்த பின்னும் அதே அமைப்புத்தான் இருக்கும். ஆகவே ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. அடியில் தொங்கும் 8 உருண்டைகள் இருபுறமும் சமமாக இழுப்பதால் அவற்றை வெட்டி எறிந்தாலும் ஒன்றும் கெடாது. அப்படியானால் நீண்ட சாய்வின் 4 உருண்டையும் குட்டைச் சாய்வின் 2 உருண்டையும் ஒன்றையொன்று நிறுத்துகின்றன. ஒரு சூத்திரமும் இல்லாமல், ஒரு மாலையைப் போர்த்தி, சாய்தளத்தில் விசை எப்படிப் பிரிகிறது என்று காட்டிவிட்டார் மனிதர்.

ஸ்டெவின் சாய்தளத்தில் கண்டதை எல்லா விசைகளுக்கும் பொதுவான விதியாக்க இன்னும் நூறாண்டு பிடித்தது. இரு விசைகளை ஒரு இணைகரத்தின் இரு பக்கங்களாக வரைந்தால் மூலைவிட்டம்தான் தொகுபயன் என்ற விதி 1687இல் நியூட்டனின் 'பிரின்சிபியா'வில் இயக்க விதிகளின் முதல் கிளைத்தேற்றமாக வந்தது. அதே ஆண்டில் பாரிஸில் பியேர் வரினோனும் தன் நூலில் அதையே அடித்தளமாக வைத்தார். நம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் லாமியின் தேற்றத்துக்குச் சொந்தக்காரரான பெர்னார் லாமி எழுதியதும் அதே காலம்தான். ஊரில் மழைக்குப் பிறகு ஒரே நாளில் எல்லாத் தோட்டத்திலும் காளான் முளைப்பதுபோல. இந்த விதி அனுபவத்தால் அறிந்ததா, தர்க்கத்தாலேயே நிறுவத்தக்கதா என்ற சண்டையும் அதோடு முளைத்தது. டேனியல் பெர்னூலி 1726இல் அனுபவத்தைத் தொடாமல் வெறும் கணிதத்தால் நிறுவிக் காட்ட முனைந்தார். இன்றைய ஆசிரியர் இணைகரத்தை வரைந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

தொகுபயன் என்பது விசைகளோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு விசை அல்ல. இதைத்தான் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். 3 நியூட்டன் கிழக்கே, 4 நியூட்டன் வடக்கே, தொகுபயன் 5 நியூட்டன் என்றால் அந்தப் பொருளின் மேல் மூன்று விசைகள் இல்லை. 5 என்பது மற்ற இரண்டுக்கும் பதிலாக வைக்கத்தக்கது. வைத்தால் அந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். வரவு செலவுக் கணக்கின் கடைசி இருப்பை இன்னொரு வரவாக எழுதுகிற கணக்குப்பிள்ளையை யாரும் வேலைக்கு வைப்பதில்லை.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அலங்கரித்தால் 96 அடி உயரம் என்பார்கள். வடத்தைப் பிடித்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட நேர்கோட்டில் இழுப்பதில்லை. ஓரத்தில் இருப்பவர் வெளிப்பக்கம் சாய்ந்து இழுக்கிறார். சிலர் வடத்தைத் தொட்டால் புண்ணியம் என்று தொட்டுக்கொண்டு மட்டும் வருகிறார்கள். பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, முன்னோக்கிய பங்கு மட்டும் சேர்ந்து தேர் நகர்கிறது. வீதி முனையில் திருப்ப வேண்டும் என்றால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை செருகுவார்கள். வடம் இழுப்பவர்களின் விசை அதேதான். ஒரு சக்கரத்தில் உராய்வு கூடியதும் முழுத் தேரும் திரும்புகிறது. 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டுகிறோமே, அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் ஏறியிருக்கும். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் இந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்தது. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை போய்விடவில்லை.

தொகுபயன் சுழி என்றால் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி தண்ணீர்க் குழாய். கைப்பிடியின் இரு ஓரங்களிலும் சமமாகவும் எதிரெதிராகவும் விசை கொடுக்கிறோம். கூட்டினால் சுழி. ஆனாலும் குழாய் திறக்கிறது. ஒரே கோட்டில் இல்லாத சம எதிர் விசைகளுக்கு ஒற்றைத் தொகுபயனே கிடையாது. அவை சுழற்ற மட்டுமே செய்யும். இந்த இரட்டை விசையைத் தனியொரு பொருளாக எடுத்து 1803இல் நிலையியலை எழுதியவர் பிரெஞ்சுக்காரர் லூயி புவான்சோ. எல்லாவற்றையும் ஒரே அம்புக்குறியில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இயந்திரவியலுக்குள்ளேயே விழுந்த முதல் அடி அது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கூறுகளைத் தெரிந்துகொண்டால் தொகுபயனைக் கண்டுபிடிக்கலாம். தொகுபயனை மட்டும் தெரிந்துகொண்டு கூறுகளைக் கண்டுபிடிக்க முடியாது. 5 நியூட்டன் என்பது 3, 4 சேர்ந்து வந்திருக்கலாம்; 100க்கும் 95க்கும் நடந்த சண்டையின் மிச்சமாகவும் இருக்கலாம். எண்ணிக்கையற்ற சோடிகள் ஒரே மூலைவிட்டத்தைத் தரும். கூட்டல் ஒருவழிப் பாதை.

காற்றைக் கணக்கிடும் வானிலையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கடலோர ஊரில் பாதி ஆண்டு தென்மேற்கிலிருந்து 12 நாட் வேகத்தில் காற்று, மறுபாதி வடகிழக்கிலிருந்து அதே 12 நாட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் 12. தொகுபயன் காற்று சுழி. இந்தச் சுழியை நம்பி எவனாவது பாய் விரித்தால் கதை கந்தல். அதனால்தான் அவர்கள் தொகுபயன் வேகத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து, காற்றின் நிலைப்புத்தன்மை என்று ஒரு விழுக்காட்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். வணிகக் காற்று வீசும் கடல்களில் இந்த விழுக்காடு உயரமாக இருக்கும். பருவத்துக்குப் பருவம் திசை மாற்றிக்கொள்ளும் நம் பக்கத்துக் கடலில் ஆண்டுக் கணக்காக எடுத்தால் சரிந்துவிடும். தொகுபயனோடு, அதற்குள் எவ்வளவு அழிந்தது என்பதையும் ஒரு எண்ணாக எழுதிவைக்கும் பழக்கத்தை மற்ற துறைக்காரர்களும் கற்றுக்கொள்ளலாம்.

இயற்கணிதத்தில் இதே சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை. லாப்லாஸ் 1772இல் இன்று நாம் அணிக்கோவை என்பதையே 'ரிசல்டன்ட்' என்றார். அந்தப் பொருள் நிலைக்கவில்லை. நிலைத்தது இது: இரு பல்லுறுப்புக் கோவைகளுக்குப் பொதுவான மூலம் உண்டா என்று, மூலங்களைக் கண்டுபிடிக்காமலே, கெழுக்களை வைத்தே சொல்லிவிடும் ஒற்றை எண். முதல் கோவையின் மூலங்கள் 2, 3. இரண்டாவதன் மூலங்கள் 1, 4 என்றால் ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து கழித்துப் பெருக்கினால் 4 வரும். இரண்டாவதன் மூலங்கள் 1, 2 என்றால் 2 பொதுவாகிவிட்டது, பெருக்கல் சுழியாகிவிடும். கெழுக்களைக் கட்டம் கட்டி அடுக்கி இதைக் கணக்கிடும் வழியை 1840இல் தந்தவர் ஜேம்ஸ் சில்வெஸ்டர். இங்கே சுழி என்றால் அமைதியல்ல, உறவு. விசையில் சுழி வந்தால் ஒன்றையொன்று மறுத்தன என்று பொருள். கோவையில் சுழி வந்தால் இரண்டுக்கும் ஏதோ பொதுவாக இருக்கிறது என்று பொருள். இதற்கு விளையுளும் பொருந்தவில்லை, தொகுபயனும் பொருந்தவில்லை. 'நீக்கற்பலன்' என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

இசையில் கதை இன்னும் சுவாரசியம். இத்தாலிய வயலின் கலைஞர் ஜுசெப்பே தார்தீனி இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது சுரம் ஒன்று அடியில் கேட்பதைக் கவனித்தார். 1714லேயே கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்ட அவர் அதை நூலில் எழுதியது 1754இல். ஜெர்மானியர் சோர்கெ 1740களிலேயே எழுதிவிட்டார். தார்தீனி அதை மாணவர்களின் சுருதி சோதிக்கும் கருவியாக்கினார்: மூன்றாவது சுரம் சுத்தமாகக் கேட்கிறதா, விரல் சரியான இடத்தில் இருக்கிறது. இதைத்தான் பின்னாளில் ஆங்கிலத்தில் 'ரிசல்டன்ட் டோன்' என்றார்கள்.

தேவாலய ஆர்கன் கட்டுபவர்கள் இதைக் காசாக்கினார்கள். மிகத் தாழ்ந்த சுரத்துக்கு 32 அடி நீளக் குழாய் வேண்டும். அதற்கு இடமும் பணமும் யாரிடம் இருக்கிறது? பதிலாக 16 அடிக் குழாயையும் 10 அடி 8 அங்குலக் குழாயையும் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். முதலாவது நொடிக்கு ஏறத்தாழ 32.7 அதிர்வு, இரண்டாவது 49. வித்தியாசம் 16.3. அதுதான் 32 அடிக் குழாயின் சுரம். குழாய் இல்லை, ஆனால் கூடத்தில் அந்த முழக்கம் இருப்பதுபோலவே தோன்றும். இல்லாத குழாயைக் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கூட்டினால் வராத ஒன்று இது. விசையின் தொகுபயன் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சுரத்தின் தொகுபயன் கேட்பவரின் தலைக்குள்ளிருந்து முளைக்கிறது.

முளைக்கிறது என்பது வெறும் அலங்காரம் இல்லை. 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர், உட்செவி ஒலியை வாங்குவதோடு நில்லாமல் தானே ஒலியை வெளியேயும் அனுப்புகிறது என்று அளந்து காட்டினார். இன்று பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒரு வகை இதன்மேல் நிற்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய செருகி ஒன்றை வைத்து இரண்டு சுருதிகளைச் செலுத்துவார்கள். நலமாக இருக்கும் உட்செவி அந்த இரண்டிலும் இல்லாத மூன்றாவது சுருதியைத் தானே உண்டாக்கித் திருப்பி அனுப்பும். அதே செருகியில் இருக்கும் நுண்மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை விழிக்கக்கூட வேண்டாம். 'ரெசுல்தாரே' என்றால் எதிரொலித்தல் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாயிரம் ஆண்டு சுற்றிவிட்டுச் சொல் தன் பழைய பொருளோடு பிரசவ வார்டில் வந்து நிற்கிறது.

இனி அந்தப் பிளவு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதிய தர்க்க நூலில் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். இரு விசைகள் சேர்ந்தால் வருவது அவற்றின் கூட்டல். இரண்டு வாயுக்கள் சேர்ந்து தண்ணீர் ஆவது அப்படியல்ல. தண்ணீரின் குணம் ஹைட்ரஜனிலும் இல்லை, ஆக்சிஜனிலும் இல்லை. இந்த வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கைத் துணைவர் என்றுதான் இன்று அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். 1875இல் வெளிவந்த தன் நூலில், கூறுகளின் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்து, கூறுகள்வரை பின்தொடர்ந்து போகத்தக்க பயனை 'ரிசல்டன்ட்' என்றும், அப்படிப் பின்தொடர முடியாத, கூறுகளைப்போல இல்லாத புதியதை 'எமர்ஜென்ட்' என்றும் பிரித்தார்.

தமிழ்ச் சொற்களை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். தொகுபயன் வினைத்தொகை: தொகுத்த, தொகுக்கின்ற, தொகுக்கும் பயன். கூட்டல் அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. விளையுள் பழைய சொல். செய்யுள், கடவுள் என்பவற்றில் வரும் அதே 'உள்' விகுதி. திருக்குறளில் நாடு அதிகாரத்திலும் செங்கோன்மை அதிகாரத்திலும் விளைச்சல் என்ற பொருளில் வருகிறது. செங்கோன்மைக் குறளில் மழையும் விளையுளும் 'தொக்கு' இருக்கும் என்கிறார் வள்ளுவர். அதாவது இலங்கையின் சொல்லும் நம் தொகுபயனின் வேரும் அந்தக் குறளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரு பாடநூல் குழுக்களும் இதைக் கவனித்திருந்தால் சண்டையே இல்லை. (தக்காளித் தொக்கை நினைத்தவர்கள் மன்னிக்க.)

ஆனால் விளைச்சல் கூட்டலா? விதை, தண்ணீர், எரு, வெயில், உழைப்பு எல்லாவற்றையும் எண்களாக்கிக் கூட்டினால் நெல் வருமா? களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்து இதில் மழையின் பங்கு எத்தனை மரக்கால், எருவின் பங்கு எத்தனை மரக்கால் என்று எந்த உழவரும் பிரித்துச் சொல்லமாட்டார். லூயிஸின் கணக்கில் தொகுபயன்தான் 'ரிசல்டன்ட்'. விளையுள் அப்பட்டமான 'எமர்ஜென்ட்'. யாழ்ப்பாணத்துப் பாடநூல் விசைக்கு வைத்த பெயர் உண்மையில் தண்ணீருக்கு உரியது.

லூயிஸிடமும் ஒரு விரிசல் இருக்கிறது. தொகுபயனைக் கூறுகள்வரை பின்தொடரலாம் என்றார் அவர். வெறும் அம்புக்குறியை மட்டும் வைத்துக்கொண்டு அது முடியாது என்று சற்றுமுன் பார்த்தோம். கூறுகளை முன்பே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பாதை திறக்கும். அந்தப் பக்கம், எமர்ஜென்ட்டின் நிலையும் அவ்வளவு உறுதியானது அல்ல. சி. டி. பிராட் என்ற கேம்பிரிட்ஜ் தத்துவவாதி 1925இல் வெளிவந்த நூலில், தனிமங்களைத் தனித்தனியாக எவ்வளவு ஆராய்ந்தாலும் சேர்மத்தின் குணத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று வாதிட்டார். இரண்டே ஆண்டில், 1927இல், ஹைட்லரும் லண்டனும் புதிய குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். பாவம் பிராட், எடுத்துக்காட்டைக் கொஞ்சம் தள்ளித் தேர்ந்தெடுத்திருக்கலாம். இன்று எமர்ஜென்ட் என்று கைகழுவப்படுபவற்றில் எத்தனை நாளை தொகுபயன் பக்கம் போகுமோ.

வரலாற்றுக்கும் இந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு போனார்கள். 1869இல் முடிந்த 'போரும் அமைதியும்' நாவலின் பின்னுரையில் டால்ஸ்டாய், வரலாற்றாசிரியர்கள் அடுக்கும் கூறு விசைகளைக் கூட்டினால் நடந்த நிகழ்ச்சிக்குச் சமமாவதில்லையே என்று குடைகிறார். 1890 செப்டம்பரில் ஜோசப் பிளாக்குக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் இதையே நேராக எடுத்துக்கொண்டார். எண்ணற்ற தனிமனித விருப்பங்கள் குறுக்கும் நெடுக்கும் மோதுகின்றன. எண்ணற்ற விசை இணைகரங்கள். அவற்றிலிருந்து ஒரே தொகுபயனாக வரலாற்று நிகழ்ச்சி வருகிறது. அது எவரும் விரும்பாததாக இருக்கிறது. எவருடைய விருப்பமும் சுழியாகிவிடுவதில்லை, தொகுபயனுக்குள் எல்லாருடைய பங்கும் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். 1965இல் பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூசர் இந்தக் கடிதத்தை எடுத்து உரித்துவிட்டார். தனிமனித விருப்பங்களை அம்புக்குறிகளாக்குவது பொருளாதார நூல்களில் வரும் முதலாளித்துவத் தனிமனிதனைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதே என்பது அவருடைய குற்றச்சாட்டு.

எனக்கு எங்கெல்ஸின் உவமை பிடிக்கும். அதன் ஓட்டை எங்கே என்றும் தெரிகிறது. விசைகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 3 நியூட்டன், பக்கத்தில் 4 நியூட்டன் வந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு 2 ஆவதில்லை. மனிதர்கள் ஆவார்கள். நம் ஊர்க் கூட்டணிக் கணக்கைப் பாருங்கள். தேர்தல் அறிவித்த அன்றே தேநீர்க் கடையில், இந்தக் கட்சிக்கு இத்தனை விழுக்காடு, அந்தக் கட்சிக்கு இத்தனை, சேர்ந்தால் இத்தனை என்று கூட்டிவிடுவார்கள். 'அவனோட சேர்ந்தீங்கன்னா நான் வீட்டிலேயே படுத்துக்குவேன்' என்று தொண்டன் சொல்வது அந்தக் கூட்டலில் வராது. அவன் படுத்துக்கொண்ட பிறகுதான் கட்சி அலுவலகத்தில் வேறு கணக்கு நடக்கும்.

பெயரடைப் பொருளில் மட்டும் இந்தச் சொல் ஒரு முள்ளாகக் குத்தும் இடம் உண்டு. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கைப் பற்றி ஒரு விவாதத்தைத் தொடங்கிவைத்தார்கள். அதில் ஒரு கிளைக்குப் பின்னர் 'ரிசல்டன்ட் லக்' என்று பெயர் வந்தது. இரண்டு பேர் ஒரே தெருவில் ஒரே வேகத்தில், ஒரே அலட்சியத்தோடு வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவர் வீடுபோய்ச் சேர்கிறார். மற்றவர் முன்னால் யாரோ குறுக்கே வந்துவிட்டார், உயிர் போய்விட்டது. செய்தது ஒன்றே. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியமாக வண்டி ஓட்டுவதற்கு 281ஆம் பிரிவு, சிறை அதிகபட்சம் 6 மாதம். அலட்சியத்தால் உயிர்போனால் 106ஆம் பிரிவு, 5 ஆண்டுவரை. இடையிலுள்ள நான்கரை ஆண்டு எதற்கான தண்டனை? ஓட்டியதற்கா, நேர்ந்ததற்கா? வீடுபோய்ச் சேர்ந்தவரைக் கேட்டால் அவர் தன்னை நல்ல ஓட்டுநர் என்றே சொல்லுவார். பெரும்பாலும் அவர் பிடிபடக்கூட மாட்டார்.

இங்கே தொகுபயன் என்று எழுதினால் சிரிப்பு வரும்; 'தொகுபயன் மரணம்' என்று எந்தத் தீர்ப்பும் எழுதாது. பயன் என்ற சொல்லில் நமக்கு ஒரு நன்மையின் வாசனை இருக்கிறது. புயலின் பயனாகக் கூரை போனது என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் பொருளுக்குத் தமிழில் பெயர்ச்சொல்லே தேவையில்லை, 'அதனால்' போதும். அதிலிருந்து நேர்ந்தது என்று வினையாகச் சொல்லிவிட்டால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. சட்ட மொழிபெயர்ப்புகளில் 'விளைவான இழப்பு', 'பலனாய சேதம்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொடிக்கயிற்று ஆணி நினைவுக்கு வரும். தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

விசைக்கு எது சரி என்று நண்பர் கேட்டார். விசைக்குத் தொகுபயன் என்றேன். ஆனால் விளையுளை விட்டுவிடவும் மனமில்லை. தார்தீனியின் மூன்றாவது சுரத்துக்கு, குழந்தையின் காதிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கு, தண்ணீருக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு என் பங்கீட்டில் அக்கறை இல்லை. விடைத்தாளில் அந்தப் பிள்ளை கீழே எழுதியிருந்த இரண்டாவது வரியைச் சொன்னார்: 'ஆனால் கயிற்றில் 300 நியூட்டன் இழுவை இருக்கும்.' கேள்வியில் அதைக் கேட்கவே இல்லை. விடைக்குறிப்பிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையிலேயே 'விளையுள் = தொகுபயன்' என்று எழுதினாராம். பிறகு சமக்குறியை அடித்துவிட்டதாகச் சொன்னார்.